பழைய அமெரிக்கக் காதல் காமிக்ஸும் டீன் நகைச்சுவை காமிக்ஸும்: சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

நம் ஊர்ப் பழைய புத்தகக் கடைகளில், அமெரிக்கப் பள்ளிப் பையன் ஆர்ச்சியின் கதைகள் வரும் ஆர்ச்சி டைஜஸ்ட் கண்ணில் படாத கடை குறைவு. கையடக்கமான அந்தப் புத்தகங்களில் இருப்பவை பெரும்பாலும் மறுபதிப்புக் கதைகள். ஒரு கதையில் ஆர்ச்சியின் தோழி பெட்டி (Betty) முழங்காலுக்குக் கீழே தொங்கும் பாவாடை போட்டிருப்பாள். அடுத்த கதையிலேயே மினி ஸ்கர்ட்டில் வருவாள். நடுவில் இருபது வருஷம் ஓடியிருக்கும், ஆனால் டைஜஸ்ட் அதைச் சொல்லாது. அந்தக் கதைகள் முதன்முதலில் வந்த இதழ்களையும், அவற்றோடு ஒரே ஸ்டாண்டில் தொங்கிய காதல் இதழ்களையும் தேடிப் பிடிக்க ஆசைப்படுபவர்களுக்காக எழுதுகிறேன்.

எதைத் தேடப் போகிறோம்

இரண்டு வகை. முதலாவது டீன் நகைச்சுவை, அதாவது பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிய சிரிப்புக் கதைகள். 1941 டிசம்பர் தேதியிட்ட 'பெப் காமிக்ஸ்' 22ஆம் இதழ் அடிப்படையில் ஒரு சூப்பர் ஹீரோ பத்திரிகை. அதன் உள்ளே சின்னக் கதையாக ஆர்ச்சி வந்தான், பாப் மொன்டானாவின் ஓவியத்தில். பெட்டியும் நண்பன் ஜக்ஹெட்டும் அதே கதையில் உண்டு. பெட்டிக்குப் போட்டியான வெரோனிகா 26ஆம் இதழில் வந்து சேர்ந்தாள். அடுத்த ஆண்டே ஆர்ச்சிக்குத் தனி இதழ். 1946இல் எம்.எல்.ஜே. என்ற அந்தக் கம்பெனி தன் பெயரையே ஆர்ச்சி என்று மாற்றிக்கொண்டது. மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பின்னாளில் மார்வெல் ஆன டைம்லி கம்பெனி 'டெஸ்ஸி த டைப்பிஸ்ட்', 'பேட்ஸி வாக்கர்', 'மில்லி த மாடல்' என்று வரிசையாக இறக்கியது. சூப்பர்மேனை வெளியிட்ட டி.சி. கம்பெனி 'பஸ்ஸி', 'எ டேட் வித் ஜூடி', 'லீவ் இட் டு பிங்கி' என்று பின்தொடர்ந்தது.

இரண்டாவது காதல் காமிக்ஸ். கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய ஜோ சைமனும் ஜாக் கர்பியும்தான் இதையும் தொடங்கி வைத்தார்கள். 1947 செப்டம்பர்-அக்டோபர் தேதியில் பிரைஸ் நிறுவனத்துக்காக அவர்கள் செய்த 'யங் ரொமான்ஸ்' முதல் இதழ்தான் இந்த வகையின் பிள்ளையார் சுழி. லாபத்தில் பாதி தங்களுக்கு என்று பேசி வாங்கியவர்கள். அந்தக் காலக் காமிக்ஸ் தொழிலில் ஓவியர்களுக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் கிடைப்பது அபூர்வம். இதழ் சக்கைப்போடு போட்டதும் எல்லாக் கம்பெனிகளும் காதலில் குதித்தன. 1950 வாக்கில் நூறுக்கு மேற்பட்ட காதல் இதழ்கள் கடைகளில் குவிந்து, ஒன்றையொன்று நெரித்து, பல அப்போதே செத்துப்போயின. மிஞ்சியவை எழுபதுகள் வரை ஓடின. 'யங் ரொமான்ஸ்' 1975இலும் அதன் தங்கை இதழான 'யங் லவ்' 1977இலும் நின்றன.

இரண்டு வகையையும் சேர்த்தே பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வரைந்தவர்களில் பலரும் வெளியிட்ட கம்பெனிகளில் பலவும் இரண்டுக்கும் பொது. வாங்கிப் படித்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். அந்தக் கடைசி விஷயம்தான் இந்தச் சேகரிப்பின் எல்லா ஏற்ற இறக்கங்களுக்கும் வேர். அறுபதுகளில் அமெரிக்காவில் காமிக்ஸ் சேகரிப்பு ஒரு பொழுதுபோக்காக உருவானபோது அதில் இறங்கியவர்கள் பையன்கள். சூப்பர்மேனைப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள், தங்கையின் மில்லியை யாரும் எடுத்து வைக்கவில்லை. 1969இல் 'ஆர்ச்சி' ஓர் இதழுக்குச் சராசரியாக 5 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. இருந்தும் அந்தக் காலத்துச் சுத்தமான பிரதி ஒன்றைத் தேடிப் பாருங்கள், எவ்வளவு நேரம் ஆகிறதென்று தெரியும். இந்த இதழ்கள் படித்துப் படித்துத் தேய்ந்தவை, தோழிகளுக்குக் கைமாறியவை, கத்தரிக்கப்பட்டவை.

அதனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பளபளப்பைத் தேடாதீர்கள், முழுமையைத் தேடுங்கள். அட்டை மடிந்திருந்தாலும் எல்லாப் பக்கமும் இருக்கும் பிரதி, கண்ணாடி மாதிரி மின்னும் குறைப் பிரதியை விட மேல்.

ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"காதல் காமிக்ஸ் சேர்க்கிறேன்" என்று பொதுவாகக் கிளம்பினால் ஆறே மாதத்தில் வீட்டில் ஒரு குவியல் இருக்கும், கலெக்ஷன் இருக்காது. ஒரு ஓவியர், ஒரு கம்பெனி, ஒரு பாத்திரம், ஒரு ஐந்தாண்டு என்று எதையாவது குறுக்கிக்கொள்ளுங்கள். சில மூலைகளை நானே காட்டுகிறேன்.

காசு அதிகம் இல்லாதவர்களுக்கு அறுபது எழுபதுகளில் சார்ல்டன் கம்பெனி வெளியிட்ட காதல் இதழ்கள். அச்சு சுமார், காகிதம் அதைவிடச் சுமார், கதைகளில் பாதி அவசரச் சமையல். ஆனால் நடுத்தர நிலைமையில் உள்ள பிரதிகள் பல இன்னமும் பத்து டாலருக்குள் அகப்படும். விதிவிலக்கு, பாட்டு நட்சத்திரங்கள் அட்டையில் வரும் இதழ்கள். எல்விஸ் வந்த 'ஐ லவ் யூ' 60, பீட்டில்ஸ் வந்த 'சம்மர் லவ்' 46, 47 போன்றவற்றுக்கு இசை ரசிகர்களும் போட்டிக்கு வருவதால் விலை தனி.

சிரிக்க வேண்டும் என்றால் என் முதல் சிபாரிசு டெல் வெளியிட்ட 'தர்ட்டீன்'. பதின்மூன்றிலிருந்து பதினெட்டை நோக்கிப் போகும் இரண்டு தோழிகளின் கதை. 'லிட்டில் லூலு' காமிக்ஸில் பேர் வாங்கிய ஜான் ஸ்டான்லி 1961இல் தொடங்கினார். டீன் நகைச்சுவையில் இவ்வளவு கூர்மையான எழுத்து வேறு எதிலும் இல்லை என்பது என் எண்ணம். ஆர்ச்சியை விடவா என்று சண்டைக்கு வருபவர்கள் ஐந்து இதழ் படித்துவிட்டு வரட்டும்.

டைம்லியின் நாற்பதுகளில் ஒரு ரகசியச் சுவை உண்டு. பின்னால் 'மேட்' பத்திரிகையைத் தொடங்கிய ஹார்வி கர்ட்ஸ்மன், 1946 முதல் 1949 வரை 'ஹே லுக்' என்ற ஒரு பக்க நகைச்சுவையை டைம்லியின் நகைச்சுவை இதழ்களில் இடம் நிரப்பும் பக்கமாகப் போட்டார். அட்டை கிழிந்த ஒரு 'டெஸ்ஸி'யில்கூட அந்தப் பக்கம் இருந்தால் வாங்கலாம். மில்லியைப் படைத்தவர் ரூத் அட்கின்ஸன் என்ற பெண் ஓவியர். பிறகு டான் டெகார்லோ சுமார் பத்து ஆண்டுகள் அந்த இதழை வரைந்து கைதேர்ந்தார். இன்று உலகம் பார்க்கும் பெட்டி, வெரோனிகா முகங்கள் அவர் ஆர்ச்சி கம்பெனிக்குப் போய் வரைந்தவை. அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று மில்லியின் ஐம்பதுகளில் தேடிப் பார்ப்பது ஒரு நல்ல கலெக்ஷனுக்குப் போதுமான காரணம்.

டெகார்லோவின் ஆர்ச்சி காலத்தில் இரண்டு இதழ்களை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். 1962இல் சப்ரினா என்ற பதின்வயதுச் சூனியக்காரி அறிமுகமான 'ஆர்ச்சிஸ் மேட்ஹவுஸ்' 22 ஒன்று, 1963இன் 'ஷீ இஸ் ஜோஸி' முதல் இதழ் மற்றொன்று. டி.வி. தொடர்களும் படங்களும் வந்ததால் இவற்றின் விலை கதைக்கும் ஓவியத்துக்கும் சம்பந்தமில்லாமல் ஏறிக்கிடக்கிறது. பக்கத்து எண்களை வாங்கினால் அதே ஓவியம் சொற்ப விலைக்குக் கிடைக்கும்.

காதல் பக்கம் பார்த்தால், உச்சியில் இருப்பவர் மாட் பேக்கர். அந்தத் தொழிலில் ஆப்பிரிக்க அமெரிக்க ஓவியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த காலத்தில் செயின்ட் ஜான் நிறுவனத்துக்காக 'டீன்ஏஜ் ரொமான்ஸஸ்', 'பிக்டோரியல் ரொமான்ஸஸ்', 'டயரி சீக்ரெட்ஸ்' அட்டைகளை வரைந்தவர். 1959இல் இளம் வயதிலேயே போய்விட்டார். இன்று இந்த அட்டைகளுக்கு வெறித்தனமான போட்டி. புதியவர்கள் ஒன்றே ஒன்று, அதுவும் கீழ் நிலைமைப் பிரதியாகப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டால் போதும். இதைவிட அபூர்வமானது ஃபாசெட் 1950இல் கறுப்பின வாசகர்களுக்காக வெளியிட்ட 'நீக்ரோ ரொமான்ஸ்'. அந்த நிறுவனத்தில் மூன்றே இதழ்கள்தான் வந்தன. சந்தையில் பார்ப்பதே அதிசயம்.

ஓவியம் முக்கியம் என்றால் அறுபதுகளின் டி.சி. காதல் இதழ்கள்: 'சீக்ரெட் ஹார்ட்ஸ்', 'கேர்ள்ஸ் ரொமான்ஸஸ்', 'கேர்ள்ஸ் லவ் ஸ்டோரீஸ்', 'ஃபாலிங் இன் லவ்'. ஸ்பைடர்மேன் வரைந்து புகழ்பெற்ற ஜான் ரொமிட்டா அதற்கு முன் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இங்கேதான் கண்ணீர் வடிக்கும் பெண்களை வரைந்துகொண்டிருந்தார். ஸ்பைடர்மேனின் காதலி மேரி ஜேன் ஏன் அவ்வளவு அழகாக இருந்தாள் என்பதற்குப் பதில் இங்கே கிடைக்கும். பாப் கலை ஓவியர் ராய் லிச்சென்ஸ்டைன் அருங்காட்சியகச் சுவர்களுக்குக் கொண்டுபோன அழும் பெண்களில் பலரும் இந்த இதழ்களிலிருந்து போனவர்களே. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் 'ட்ரவுனிங் கேர்ள்' ஓவியத்தின் மூலம், டோனி அப்ரூட்ஸோ வரைந்த 'சீக்ரெட் ஹார்ட்ஸ்' 83ஆம் இதழ்க் கதை. மூலத்தில் மால் என்றிருந்த காதலன் பெயரை லிச்சென்ஸ்டைன் பிராட் என்று மாற்றினார். அப்ரூட்ஸோவின் பெயர் அந்த ஓவியத்தில் எங்கும் இல்லை. அதற்காகவே அந்த இதழைத் தேடி வாங்குகிற கலெக்டர்கள் உண்டு, அவர்களை எனக்குப் பிடிக்கும்.

இன்னும் ஒரு விசித்திர மூலை: 1973இலிருந்து ஸ்பயர் என்ற கிறிஸ்தவ வெளியீட்டாளர் உரிமம் வாங்கி வெளியிட்ட ஆர்ச்சி இதழ்கள். முன்பு 'பேட்ஸி வாக்கர்' வரைந்த ஆல் ஹார்ட்லிதான் இவற்றைச் செய்தார். ஆர்ச்சியின் ஊரான ரிவர்டேலின் பிள்ளைகள் திடீரென்று சுவிசேஷம் பேசுவார்கள். விலை மலிவு.

வாங்கும் முன் படியுங்கள்

நாற்பது ஐம்பதுகளில் வந்த இதழ்கள் பலவற்றுக்கு 28ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பிக்க யாரும் மெனக்கெடவில்லை. அதனால் செயின்ட் ஜான், ஃபாக்ஸ், ஏஸ் போன்ற மறைந்துபோன கம்பெனிகளின் இதழ்கள் பொதுச்சொத்தாகி, டிஜிட்டல் காமிக் மியூசியம், காமிக் புக் பிளஸ் ஆகிய தளங்களில் இலவசமாக ஸ்கேன் வடிவில் இருக்கின்றன. ஒரு செலவும் இல்லாமல் ஒரு மாதம் அங்கே உட்கார்ந்து படியுங்கள். எந்த ஓவியர் பிடிக்கிறார், எந்தக் கதை மூன்றாம் பக்கத்திலேயே கொட்டாவி வரவைக்கிறது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

அந்தக் காலக் கதைகளில் பெரும்பாலும் கையெழுத்து இருக்காது. யார் வரைந்தது என்று அறிய கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் இருக்கிறது. ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் கட்டியெழுப்பிய பட்டியல். அட்டைப்படம், கதைத் தலைப்பு, பக்க எண்ணிக்கை, ஓவியர் பெயர் எல்லாம் இதழ்வாரியாக இருக்கும். ஏலத்தில் ஒருவர் "இது ரொமிட்டா" என்றால் அங்கே போய்ச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள்.

வயதைக் கண்டுபிடிப்பது

அட்டையில் போட்டிருக்கும் மாதம் உண்மையில் இதழ் கடைக்கு வந்த மாதம் அல்ல. ஸ்டாண்டில் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு மூன்று மாதம் முன்தேதி போடுவார்கள். அட்டையின் உட்புறத்திலோ முதல் பக்கத்தின் அடியிலோ பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். இதழின் சட்டப்படியான பெயர், எண், ஆண்டு எல்லாம் அங்கேதான். விற்பவரிடம் அந்தப் பத்தியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம், தப்பில்லை.

விலையே ஒரு நாள்காட்டி. 10 சென்ட் என்றால் 1961 கடைசி வரை. பிறகு 12 சென்ட். 1969இல் 15 ஆனது. எழுபதுகளின் தொடக்கத்தில் 20, 1974இல் 25, 1976இல் 30. டெல் மட்டும் 1961இலேயே 15 சென்ட்டுக்குத் தாவிப் பார்த்துவிட்டு, விற்பனை விழுந்ததும் 12க்கு இறங்கியது.

அடுத்தது அட்டையின் மேல் மூலையில் தபால்தலை மாதிரி இருக்கும் காமிக்ஸ் கோடு முத்திரை. 1954இல் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்த்தம் கிளப்பிய புயலும் செனட் விசாரணையும் சேர்ந்து, வெளியீட்டாளர்களைத் தங்களுக்குத் தாங்களே தணிக்கை வைத்துக்கொள்ள வைத்தன. 1955 தேதியிட்ட இதழ்களிலிருந்து முத்திரை பரவலாகத் தெரியும். முத்திரைக்கு முந்தைய காதல் கதைகளில் ஓடிப்போவது, மணமானவரை விரும்புவது, தப்பான சகவாசம் எல்லாம் தாராளம். பிந்தைய கதைகளில் திருமணத்தின் புனிதம் காப்பாற்றப்பட்டாக வேண்டும். அதனால் முந்தையவை அதிக விலை, என் கணக்கில் கதைக்காக அந்த விலை நியாயமும்கூட. பிந்தையவற்றில் ஓவியம் மேம்பட்டது, கதை சப்பென்று ஆனது. தணிக்கை அமைப்பை நடத்திய வெளியீட்டாளர் சங்கத்துக்கு நீண்டகாலம் தலைவராக இருந்தவர் ஆர்ச்சி கம்பெனியின் ஜான் கோல்ட்வாட்டர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாருக்கு இந்தச் சுத்தம் லாபமாக இருந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டெல் அந்த முத்திரையை ஒருநாளும் போட்டதில்லை. ஆகவே முத்திரை இல்லாத டெல் இதழைக் காட்டி "கோடுக்கு முந்தையது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எண்களை அப்படியே நம்பாதீர்கள்

புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. புதிய இதழ் தொடங்கினால் சலுகைத் தபால் கட்டணத்துக்குப் புதிய அனுமதி வாங்க வேண்டும், அதற்குக் காசு. அந்தக் காசை மிச்சம் பிடிக்க, செத்துப்போன இதழின் எண்வரிசையில் புதிய பெயரை ஒட்டிவிடுவார்கள். ஃபாசெட்டின் 'ஸ்வீட்ஹார்ட்ஸ்' 1948இல் 68ஆம் எண்ணோடு பிறந்தது. முந்தைய 67 எண்கள் 'கேப்டன் மிட்நைட்' என்ற விமானி சாகச இதழுக்குச் சொந்தம். ஃபாக்ஸின் 'மீட் கோர்லிஸ் ஆர்ச்சர்' மூன்று இதழ் நகைச்சுவையாக வந்துவிட்டு, நான்காவதில் 'மை லைஃப்' என்ற காதல் இதழாக மாறிவிட்டது. ஆக, "ஸ்வீட்ஹார்ட்ஸ் 1" என்று தேடி அலையாதீர்கள்.

கம்பெனி மாறினாலும் எண் தொடரும். 'ஹார்ட் த்ராப்ஸ்' 46 வரை குவாலிட்டி என்ற கம்பெனி, 47 முதல் டி.சி. 'யங் ரொமான்ஸ்', 'யங் லவ்' இரண்டும் 1963இல் பிரைஸிலிருந்து டி.சி.க்குக் கைமாறின. ஜோஸியின் இதழ் 45ஆம் எண்ணில்தான் 'ஜோஸி அண்ட் த புஸ்ஸிகேட்ஸ்' ஆனது. எல்லாவற்றையும் தூக்கி அடிப்பது 'ஆர்ச்சி ஜயன்ட் சீரிஸ்'. 35க்கு அடுத்து 136, பிறகு 251க்கு அடுத்து 452. நடுவில் உள்ள எண்கள் அச்சாகவே இல்லை. வராத 300 இதழ்களை உங்கள் தேடல் பட்டியலில் எழுதி வைத்துக்கொண்டு தூக்கம் கெடாதீர்கள்.

1958க்குப் பிறகு ஐ.டபிள்யூ., சூப்பர் என்ற பெயர்களில் பழைய காதல் இதழ்களின் மறுபதிப்புகள் வந்தன. அவையும் இன்று பழசுதான், ஆனால் மூல இதழ் விலையில் வாங்கக் கூடாது. அட்டை மூலையில் பெயர் இருக்கும்.

முழுசாக இருக்கிறதா

இந்த வகையில் கத்தரிக்கோல்தான் பெரிய எதிரி. ஆர்ச்சி கம்பெனியின் 'கேட்டி கீன்' இதழில் பில் வோகன் ஒரு தந்திரம் செய்தார். வாசகிகள் அனுப்பும் உடை வடிவமைப்புகளை அனுப்பியவர் பெயர் போட்டு வரைந்தார், கத்தரித்து விளையாடக் காகிதப் பொம்மைகளும் கொடுத்தார். கத்தரிக்கச் சொன்னார், பிள்ளைகள் கத்தரித்தார்கள். வெட்டுப்படாத 'கேட்டி கீன்' அதனால்தான் விலை. மில்லி, பேட்ஸி இதழ்களிலும் காகிதப் பொம்மைப் பக்கங்கள் உண்டு. பொம்மைக்குப் பின்பக்கம் ஒரு கதையின் நடுப்பகுதி இருக்கும், அதுவும் போயிருக்கும்.

கையில் எடுத்ததும் நடுப்பக்கத்தைத் திறந்து ஸ்டேபிளில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். நடுத்தாள் கழன்று காணாமல் போவது மிகச் சாதாரணம், நான்கு பக்கம் போனதே தெரியாமல் கதை தாவும். பிறகு பக்கங்களை எண்ணுங்கள். ஐம்பதுகளின் நடுவிலிருந்து பொதுவாக உள்ளே 32 பக்கம். நாற்பதுகளின் இதழ்கள் இன்னும் தடிமன். விளம்பரப் பக்கத்துக் கூப்பன் வெட்டப்பட்டிருக்கிறதா, பின்னட்டை இருக்கிறதா, ஓரம் ட்ரிம் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அட்டையின் மேல் பகுதி, அதாவது பெயர் இருக்கும் துண்டு மட்டும் கிழிந்திருந்தால் அது குழந்தை செய்த வேலை இல்லை. விற்காத பிரதிகளுக்குப் பணம் திரும்ப வாங்கக் கடைக்காரர்கள் அந்தத் துண்டைக் கிழித்து அனுப்புவார்கள்.

நேரில் பார்க்க முடியாதபோது விற்பவரிடம் ஒரே கேள்வி: "எல்லாப் பக்கமும் இருக்கிறதா, நடுத்தாள் ஸ்டேபிளில் இருக்கிறதா, எதுவும் வெட்டப்பட்டிருக்கிறதா?" எழுத்தில் பதில் வாங்குங்கள். மழுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம்.

அட்டையில் பென்சிலில் தேதி எழுதியிருந்தாலோ ரப்பர் ஸ்டாம்ப் இருந்தாலோ பயப்பட வேண்டாம். கடைக்காரர்கள் சரக்கு வந்த நாளைக் குறித்தது. "பெட்டி எனக்குத்தான்" என்று யாரோ ஒரு சிறுமி பேனாவில் எழுதிய பிரதி கிடைத்தால், தரம் குறைந்தாலும் நான் சந்தோஷமாக வாங்குவேன்.

தரமும் விலையும்

காமிக்ஸின் நிலைமையை 0.5 முதல் 10 வரை மதிப்பிடுகிறார்கள். 'குட்' 2, 'வெரி குட்' 4, 'ஃபைன்' 6, 'வெரி ஃபைன்' 8, 'நியர் மின்ட்' 9.4. ஆக, 'குட்' என்பது தேய்ந்து மடிந்த பிரதி. தொடங்குபவர்களுக்கு 2 முதல் 4 வரைதான் சரியான இடம். படிக்கலாம், கை நடுங்காமல் புரட்டலாம், விலையும் கட்டுப்படியாகும்.

1970 முதல் வரும் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு அடிப்படை நூல். ஆனால் காதல் இதழ்களில் சந்தை அதைவிட வேகமாக ஓடுகிறது, குறிப்பாக அட்டைக்காகத் தேடப்படும் இதழ்களில். ஈபேயில் "விற்று முடிந்தவை" என்று வடிகட்டிப் பார்த்தால் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று தெரியும். கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

2000இல் தொடங்கிய சி.ஜி.சி. நிறுவனம் இதழைத் தரம் பார்த்து பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்துத் தரும். விலை உயர்ந்தவற்றுக்கு அது தேவை. ஊதா லேபிள் என்றால் சீர்செய்யப்பட்ட பிரதி என்று பொருள், அதற்கு விலை வெகுவாகக் குறையும். ஆனால் சீல் வைத்ததைப் படிக்க முடியாது. எட்டு டாலர் சார்ல்டனைச் சீல் வைக்கச் செலவழிப்பது வீண். 'ஆர்ச்சி' முதல் இதழ் போன்றவை ஒரு லட்சம் டாலர் தாண்டி விற்றிருக்கின்றன என்பதைக் கேட்டு முதலீட்டுக் கணக்குப் போடுபவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலை இல்லை.

எங்கே வாங்குவது

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு காமிக்ஸ் மாநாடுகளும் பழைய காமிக்ஸ் கடைகளும் சொர்க்கம். மாநாட்டில் கடைசி நாள் மதியத்துக்கு மேல் போனால், மேசைக்கு அடியில் இருக்கும் மலிவுப் பெட்டிகளைத் திருப்பி ஊருக்குச் சுமக்க விரும்பாத வியாபாரிகள் பேரத்துக்கு இறங்குவார்கள். காதல் இதழ்கள் பெரும்பாலும் அந்தப் பெட்டிகளில்தான்.

ஆன்லைனில் ஈபே, ஹெரிட்டேஜ் ஏலம், மைகாமிக்ஷாப் போன்றவை. தனித்தனியாக வாங்குவதை விட ஐந்து பத்து இதழ்கள் சேர்ந்த லாட்டாக வாங்குங்கள். வேண்டாதவற்றை விற்றுவிடலாம், தபால் செலவு பரவிவிடும். இந்தியாவுக்கோ இலங்கைக்கோ வரவழைப்பவர்களுக்குத் தபால் செலவுதான் உண்மையான விலை. பல சமயம் இதழை விட அது அதிகம், மேலே சுங்கத் தீர்வையும் விழலாம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஏலம் கேளுங்கள். அமெரிக்காவில் அக்காவோ சித்தப்பா மகனோ இருந்தால் அவர்கள் முகவரிக்கு வரவழைத்துச் சேர்த்து வைத்து, அவர்கள் ஊருக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவரச் சொல்வதுதான் நம்மவர்கள் நடைமுறையில் செய்வது. ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் வைப்பது

செய்தித்தாள் காகிதத்தில் இயல்பாகவே அமிலம் உண்டு, காலப்போக்கில் பழுப்பேறி உடையும். நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். காமிக்ஸுக்கென்றே விற்கும் பாலிப்ரொப்பிலீன் உறை, உள்ளே அமிலமற்ற அட்டை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உறையை மாற்ற வேண்டும். நல்ல இதழ்களுக்கு மைலார் உறை வாங்கினால் அந்த வேலை இல்லை. அளவைக் கவனியுங்கள். நாற்பதுகளின் இதழ் இன்றைய இதழை விடக் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் அகலம் அதிகம், தவறான உறையில் திணித்தால் ஓரம் மடியும்.

நம் ஊரில் ஈரம்தான் பெரிய பகை. பரண் வேண்டாம், தரை வேண்டாம், மழையில் ஊறும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். பெட்டியில் நிமிர்த்தி வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை திறந்து வெள்ளிப்பூச்சி இருக்கிறதா, ஸ்டேபிள் துருப்பிடிக்கிறதா பாருங்கள். நாப்தலின் உருண்டை போட்டால் அந்த வாடை காகிதத்தில் ஏறிவிடும், பிறகு போகவே போகாது. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது. லேமினேட் செய்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். இதழ் பெயர், எண், தேதி, யாரிடம் வாங்கியது, தபாலோடு சேர்த்து எவ்வளவு, என்னென்ன குறை. குறைகளை விரிவாக எழுதுங்கள்: "11ஆம் பக்கம் கூப்பன் இல்லை, பின்னட்டையில் பேனா." செல்போனில் அட்டையையும் நடுப்பக்கத்தையும் படம் எடுத்து வைத்தால் கடையில் நிற்கும்போது ஒரே இதழை இரண்டாம் தடவை வாங்குவது மிச்சம். இன்னும் நல்ல பிரதி கிடைத்து மாற்றிக்கொண்டால், பழையதை விற்கும்போது இதே குறிப்புகளை அப்படியே விளம்பரத்தில் போடலாம். மடிந்தும் கசங்கியும் இருந்தாலும் பக்கங்கள் முழுசாக இருந்தால் அதற்கும் வாங்க ஆள் உண்டு.